வெள்ளி தீரும் நாள்

குரோம்பேட்டை ராதா நகர் பக்கத்துத் தெரு ஒன்றில், ஜெராக்ஸ் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே, ஷட்டர் முக்கால்வாசிதான் ஏறும் கடை அது. உத்தரத்திலிருந்து வெள்ளைக் கேண்டில்களும் நீல உறைகளும் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. தரையெங்கும் தண்ணீர் மெஷின்கள், சில கவிழ்ந்தும் சில வயிறு திறந்தும். மில்லிலிருந்து மிளகாய்த்தூள் நெடி வருகிறது. அதையும் மீறிக் கடைக்குள் ஒரு ஈரவாடை நிற்கிறது.

கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடி நெற்றியில் ஏறி இருக்கும். வேலை தொடங்கும்போது மூக்குக்கு இறங்கும். கட்டைவிரல் நகக்கண்ணில் சோப்புக்கு மசியாத கறுப்பு. வருஷக்கணக்காகக் கரியை நோண்டிய கை. உதவிக்கு ஒரு பையன். காதில் ஒற்றை இயர்போன், இடுப்பில் ஸ்பேனர்.

என் மெஷினும் வரிசையில் கிடக்கிறது. சுவரோர ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நான் வாய் திறக்க அவசியமில்லை. வருகிறவர்களே எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் மாமி, மடியில் மெஷின். பையன் ஓடிப்போய் வாங்கிக்கொண்டான்.

“தண்ணி வாடை அடிக்கறதுப்பா. காப்பியே நன்னா இல்லை.”

“கேண்டில் எப்ப மாத்தினது மாமி?”

“நீதானே வந்து மாத்தினே. போன நவராத்திரிக்கு முன்னாடி.”

அவர் நோட்டைப் புரட்டினார். நாற்பது பக்க நோட்டுகள் பலவற்றைச் சேர்த்துத் தைத்த தடித்த நோட்டு. தெருப்பெயர், தண்ணீர் வகை, தேதி என்று கோடு போட்ட கட்டங்கள். விரல் ஒரு வரியில் நின்றது.

“அதுக்கும் முந்தின நவராத்திரி, மாமி.”

மாமி பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விசிறிக்கு நேராக நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

கடைக்காரர் மெஷினைத் திறந்தார். முதல் உறைக்குள் இருந்த வெள்ளைக் கேண்டில் செம்மண் நிறத்துக்குப் போயிருந்தது. அதை மாமிக்குக் காட்டவில்லை. அது எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அடுத்தது கரி. அதற்கடுத்து மெம்பரேன். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தண்ணீர் குழாய்க்கு வருவதற்கு முன்பு கடைசியாகக் கடக்கும் கைநீளக் குழலை எடுத்தார். ‘சில்வர் கார்பன்’ என்று ஒட்டிய குழல். அதன் இரண்டு முனையும் மூடியே வரும், கழற்ற முடியாது. ஆக்சா பிளேடு எடுத்து நடுவில் அறுத்தார். தினத்தாளை விரித்து உள்ளே இருந்ததைக் கொட்டினார்.

ஈரமான கறுப்புக் குருணை. ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். மாமி பக்கம் கையை நீட்டினார்.

“தொட்டுப் பாருங்க.”

மாமி தொட்டார். உடனே கையை இழுத்துக்கொண்டார். வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் ஒட்டுமே, அந்த வழவழப்பு. கரிக்கு அது இயல்பில்லை. அது பாக்டீரியா கட்டிக்கொண்ட படலம். தண்ணீரைச் சுத்தம் செய்ய வைத்த பொருளின் மேலேயே அவை குடியேறியிருக்கின்றன.

இப்படி நடப்பதற்குக் காரணம் கரியின் திறமைதான். இந்தக் கரி பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வருகிறது. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அதைக் கடும் வெப்பத்தில் நீராவி விட்டு மறுபடி வாட்டுகிறார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி துளைகள் விழுகின்றன. ஒரு கிராம் கரியின் உள்சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். நாலு மனைக்கு மேல். வாடையும் நிறமும் பூச்சிமருந்தின் மிச்சமும் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. குளோரினையும் கரி விட்டுவைப்பதில்லை. குழாய்த் தண்ணீரில் கிருமி வராமல் காக்கப் போட்ட குளோரின், கரியைத் தாண்டும்போது காணாமல் போகிறது. பாக்டீரியாவுக்குத் தின்ன ஒட்டிய கசடு இருக்கிறது, ஒளிய இடமிருக்கிறது, விரட்ட குளோரின் இல்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. வேறென்ன வேண்டும்?

அதற்காகத்தான் கரியோடு வெள்ளி. சிரட்டைக் கரியை வெள்ளி உப்புக் கரைசலில் ஊறவைத்து, அந்த உப்பை உலோகமாக மாற்றிக் கரியின் மேல் துகள்களாகப் படியவைக்கிறார்கள். கரியின் எடையில் வெள்ளி பெரும்பாலும் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. தினத்தாளில் கொட்டிக் கிடக்கும் குருணையில் அது எங்கே இருக்கிறதென்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கறுப்பு மட்டுமே தெரிகிறது.

“இதுல வெள்ளி இருக்குன்னு சொன்னியேப்பா, அது என்னாச்சு?” என்றார் மாமி.

“தீந்துபோச்சு மாமி.”

“வெள்ளி எப்படித் தீரும்? எங்காத்து வெள்ளிப் பாலாடை எங்க பாட்டி காலத்தது. அப்படியே இருக்கு.”

கடைக்காரர் சிரித்தார். மாமியின் கேள்வியில்தான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. பாலாடை கெட்டியான வெள்ளி, தன்னை விட்டுக்கொடுக்காது. கரியிலுள்ள வெள்ளி தன்னை விட்டுக்கொடுப்பதற்கென்றே பொடியாக்கப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் வெள்ளி மணியை 10 நானோமீட்டர் துகள்களாகச் சிதைத்தால் அதன் மொத்த மேற்பரப்பு ஒரு லட்சம் மடங்காகிறது. அத்தனை மேற்பரப்பிலும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் உரசுகிறது. வெள்ளி அயனி அயனியாகக் கழன்று தண்ணீருக்குள் போகிறது. அப்படிக் கழன்ற வெள்ளிதான் பாக்டீரியாவின் மேலுறையில் ஒட்டி, உள்ளே நுழைந்து, கந்தகம் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொண்டு அதன் மூச்சுத் தொடரைக் குலைக்கிறது. 10 நானோமீட்டர் துகள்கள் 200ஐ வரிசையாக வைத்தால் ஒரு ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம். அவ்வளவு சின்னதாக இருந்தும் பெரும்பாலான வேலையைத் துகள் நேரடியாகச் செய்வதில்லை. 2012இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில், காற்றே இல்லாத சூழலில் வெள்ளித் துகள்களையும் பாக்டீரியாவையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் இல்லாததால் அயனி கழலவில்லை. பாக்டீரியாவுக்கும் குறிப்பிடும்படி ஒன்றும் ஆகவில்லை. துகள் என்பது வெள்ளியைச் சேமித்து வைத்த களஞ்சியம் மட்டுமே. எடுத்து எடுத்துச் செலவழித்தால் களஞ்சியம் காலியாகத்தானே வேண்டும்?

மாமிக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு.

“புதுசு எவ்வளவு?”

விலையைச் சொன்னார். மாமி முகம் சுளித்தார். பேரம் தொடங்கியது. அது ஒரு பாட்டம் ஓடியது.

அதற்குள் பைக்கில் ஒரு விற்பனைப் பையன் வந்து இறங்கினான். முதுகில் பெரிய பை. பளபளக்கும் உறை போட்ட குழல்களை மேஜையில் அடுக்கினான். ‘நானோ சில்வர்’ என்று ஒன்றில். ‘99.9% கிருமி நாசம்’ என்று இன்னொன்றில். விலை, கடைக்காரர் வழக்கமாக வாங்குவதில் பாதிதான்.

“அண்ணே, மூவிங் நல்லா இருக்குண்ணே. பம்மல்ல போட்டுக்கிட்டே இருக்காங்க.”

அவர் இரண்டு குழல்களைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல ஏந்தினார். பழையதையும் புதியதையும் காதருகே ஆட்டினார். கீழே வைத்தார்.

“இதுல வெள்ளி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி?”

“ஸ்டிக்கர்லயே போட்டிருக்கேண்ணே.”

“ஸ்டிக்கர் நானும் அடிக்கலாம். பக்கத்துல ஜெராக்ஸ் கடைதான்.”

பையன் சிரித்துக்கொண்டே பையை மூடினான். அவன் போன பிறகும் அந்த 99.9 என் மனத்தில் நின்றது. கேட்க நிறைவான எண். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் பத்து லட்சம் பாக்டீரியா இருந்தால், 99.9 போக ஆயிரம் மிச்சம். படலம் கட்ட அந்த ஆயிரம் போதும். அமெரிக்காவில் வெள்ளி ஏற்றிய கரி வடிகட்டியைப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். அங்கே வடிகட்டிக்குள் பாக்டீரியா பெருகாமல் தடுக்கும் பொருள் என்ற கணக்கில்தான் அது விற்கப்படுகிறது. அசுத்தத் தண்ணீரைக் குடிநீராக்கும் பொருள் என்று சொல்லிக்கொள்ள அதற்கு உரிமையில்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெள்ளியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, குடிநீரைக் கிருமிநீக்க வெள்ளியைத் தனியாக நம்பக்கூடாது என்ற முடிவுக்கே வந்தது. வைரஸ்களிடம் அதன் செல்வாக்கு குறைவு. வேலை செய்யவும் நேரம் பிடிக்கும்; குளோரின் நிமிஷங்களில் முடிப்பதற்கு வெள்ளிக்கு மணிக்கணக்கு வேண்டும். குழலில் தண்ணீர் தங்குவதோ சில நொடிகள். ஓடும் தண்ணீரைச் சுத்தமாக்க அந்த நொடிகள் போதாது. தன் கரியில் யாரும் குடியேறாமல் பார்த்துக்கொள்வதே அதனால் ஆகக்கூடியது.

பதினொரு மணிவாக்கில் ஒருவர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரோடு வந்தார். கையில் அரசு மருத்துவமனைச் சீட்டு. ஜி.எஸ்.டி. சாலை மருத்துவமனையிலிருந்து நேராக வருகிறார் போல. பிள்ளைக்கு வயிறு சரியில்லையாம்.

“சார், இந்தத் தண்ணி நல்லாருக்கான்னு பாருங்க.”

கடைக்காரர் டிடிஎஸ் மீட்டரைத் தோய்த்தார். எண் ஏறி நின்றது.

“உப்பு அதிகம். போர் தண்ணியா?”

“போரும் இருக்கு. கார்ப்பரேஷன் தண்ணியும் அதே சம்ப்லதான் விழுது.”

“இந்த மெஷின் உப்பு மட்டும்தான் சார் சொல்லும். கிருமியைச் சொல்லாது. சாக்கடை கலந்திருந்தாலும் இது பாட்டுக்கு நல்ல நம்பர் காட்டும். காய்ச்சிக் குடுங்க. சம்பைக் கழுவி பிளீச்சிங் போடுங்க.”

அந்த மனிதர் ஒரு சில்வர் ஃபில்டர் கேட்டார். இவர் கொடுக்கவில்லை. “இப்பக் காய்ச்சுங்க. அப்புறம் வாங்க” என்றார். விற்கத் தெரியாதவர் என்று நினைத்தேன். பிறகு, 2024 டிசம்பர் தொடக்கம் நினைவுக்கு வந்தது. பல்லாவரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாய்ப் பலர் சாய்ந்து, குரோம்பேட்டை மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். உயிர்களும் போயின. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டதென்று மக்கள் சொன்னார்கள்; அதிகாரிகள் மாதிரிகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் இந்தக் கடையில் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கேட்டவருக்கெல்லாம் ஒரு குழலை மாட்டி அனுப்பியிருக்கலாம். அவர் நோட்டில் அந்த வாரம் என்ன எழுதியிருக்கிறதென்று பார்க்க ஆசை. பார்க்கவில்லை.

இந்தப் பக்கத்துத் தண்ணீருக்குத் தனிக் கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குரோம் லெதர் தொழிற்சாலை வந்தது. ஊரும் அதைச் சுற்றி வளர்ந்தது. தோல் அழுகுவது பாக்டீரியாவால். குரோமியம் உப்பு தோலின் நார்களை இறுக்கிப் பிணைத்து, பாக்டீரியாவால் அதைக் கரைக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. ஆக, உலோகத்தைக் கொண்டு பாக்டீரியாவைத் தடுக்கும் வேலை இந்த ஊருக்குப் புதிதில்லை. அந்த வேலை விட்டுச்சென்ற கழிவையும் ஊர் பார்த்திருக்கிறது. நாகல்கேணி, பல்லாவரம் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளைச் சுற்றி நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் இறங்கின. பாக்டீரியாவுக்கு வைத்த உலோகம் மனிதனின் கிணற்றில் வந்து நின்றது. வெள்ளிக்கும் அந்தக் கவனம் வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் வெள்ளி இருக்கக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அளவு மீறி வருஷக்கணக்கில் உள்ளே போனால் தோல் சாம்பல் நீலமாகும்.

உப்புக்கும் வெள்ளிக்கும் ஆகாது என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. உப்பிலுள்ள குளோரைடு, கழன்று வரும் வெள்ளி அயனியைப் பிடித்துக் கரையாத வெள்ளி குளோரைடாக்கி உட்காரவைத்துவிடும். கடினநீரின் சுண்ணாம்பு துகள்மேல் படிந்து களஞ்சியத்தின் கதவையே அடைத்துவிடும். மெம்பரேனுக்குப் பின்னால் இருக்கும் குழல் இதிலிருந்து தப்பிக்கும். மெம்பரேன் இல்லாத சாதாரண வடிகட்டியில், போர் தண்ணீர் நேராக வெள்ளியின் மேல் விழும் வீட்டில், வெள்ளி தீர்வதற்கு முன்பே செத்துப்போகும். நோட்டில் ‘தண்ணீர் வகை’ என்று ஒரு கட்டம் இருப்பது எதற்கென்று இப்போது புரிகிறது.

வெயில் ஏறியபோது ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, அதைத் திருப்பிப் போட்டிருந்தாள். நியூ காலனியில் தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாளாம். கையில் மேஜைமேல் வைக்கும் சின்ன வடிகட்டி.

“அண்ணா, இதுக்குள்ள கரி மட்டும் மாத்தினா போதுமா?”

“பாக்கறேன் மா. உக்காரு.”

அவர் பிரிப்பதை அவள் பார்த்த விதம் வேறாக இருந்தது. மாமி முகம் சுளித்த அந்தக் குருணையைக் குனிந்து பார்த்தாள். விரலால் தேய்த்தாள். ‘பயோஃபிலிம்’ என்று தனக்குத்தானே சொன்னாள்.

“நீ இந்த லைன்லயா மா?”

“ஆராய்ச்சி பண்றேன் ண்ணா. கிராஃபீன்ல வெள்ளி.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவள் போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். நான் இருந்த இடத்திலிருந்தும் தெரிந்தது. கசங்கிய மெல்லிய துணிபோல ஒரு சாம்பல் பரப்பு. அதன்மேல் கரும்புள்ளிகள், ஒன்றோடொன்று ஒட்டாமல்.

“இந்த ஷீட் முழுக்கக் கார்பன் ண்ணா. ஒரே ஒரு அணு தடிமன். புள்ளியெல்லாம் வெள்ளி.”

“இதுவும் கரிதானே?”

“கரிதான். ஆனா சிரட்டைக் கரில துளைக்குள்ள வெள்ளி கும்பலாச் சேந்துடும். இதுல ஷீட் மேல அங்கங்க பிடி இருக்கும். வெள்ளி தனித்தனியா நிக்கும். சேராது. அதனால கொஞ்சம் வெள்ளி போட்டாலே போதும்.”

அவள் சொன்னது சரி. கிராஃபீன் 2004இல் பிரித்தெடுக்கப்பட்டு, 2010இல் கைம், நோவோசெலோவ் இருவருக்கும் நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த பொருள். அதன் ஆக்சைடு வடிவத்தில் ஆக்சிஜன் குழுக்கள் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும். வெள்ளித் துகள் அங்கேதான் முளைக்கிறது. கார்பன் பரப்புக்கே கிருமியைக் காயப்படுத்தும் குணமும் உண்டு. 2007இல் யேல் பல்கலைக்கழகத்தில், கார்பன் நானோகுழாய்கள் தொட்ட மாத்திரத்தில் ஈ.கோலையின் உறையைச் சேதப்படுத்துவதைக் கண்டார்கள். அப்போதிலிருந்து கிராஃபீனோடு வெள்ளி, செம்பு, துத்தநாக ஆக்சைடு என்று மாற்றி மாற்றிச் சேர்த்து உலகெங்கும் ஆய்வுக்கட்டுரைகள் குவிந்துகொண்டே இருக்கின்றன.

அவள் அடுத்த படத்தைக் காட்டினாள். வட்டக் கண்ணாடித் தட்டு. முழுதும் வெண்மையாகப் படர்ந்த பாக்டீரியா. நடுவில் ஒரு பொட்டு. அதைச் சுற்றித் தெளிவான வளையம்.

“இந்த வளையத்துக்குள்ள எதுவும் வளரல பாருங்க.”

அவர் போனைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். வியப்பு இருந்தது. பிறகு அவருக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டார்.

“இது எத்தனை லிட்டர் தாங்கும்?”

அவள் யோசித்தாள்.

“லிட்டர் கணக்கு இன்னும் எடுக்கல ண்ணா. இது இருபத்திநாலு மணி நேரம் வெச்சுப் பாத்தது.”

“என்ன தண்ணி?”

“தண்ணி இல்ல. அது தனி மீடியம். காய்ச்சி வடிச்ச தண்ணில கலக்கறது.”

“சரி. ஆறு மாசம் கழிச்சு?”

அவள் சிரித்தாள். கோபப்படவில்லை. “ஆறு மாசத்துல நான் தீசிஸ் முடிக்கணும் ண்ணா.”

பையன் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தான்.

அந்த மூன்று கேள்விகளையும் அவர் எந்தப் பத்திரிகையிலும் படித்திருக்க மாட்டார். ஆனால் அந்தத் துறையின் தலைவலி அவைதான். கொல்லும் பொருளைக் கண்டுபிடிப்பது பெரிதில்லை. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்று பாட்டிகளுக்கே ஒரு கணிப்பு இருந்தது. ஊர்த் தண்ணீரில், உப்பிலும் சுண்ணாம்பிலும் சேற்றிலும், அளவு கூடாமலும் குறையாமலும், மாதக்கணக்கில் அது தன்னை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அங்கேதான் இடறுகிறது. ஆய்வகம் பொருளின் முதல் நாளைப் பார்க்கிறது. இந்தக் கடைக்கு வருவது அதன் கடைசி நாள்.

இடைப்பட்ட நாட்களைப் பார்த்தவர்களும் உண்டு, தூரத்தில் இல்லை. கிண்டியில் ஐ.ஐ.டி. பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு 2013இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட வேலை இதைத்தான் எடுத்துக்கொண்டது. இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும் அலுமினியக் கனிமமும் சேர்ந்த குருணைக் கூட்டுக்குள் வெள்ளித் துகள்களைப் பதித்தார்கள். சாதாரணத் தண்ணீரிலுள்ள உப்புகள் வெள்ளியின் மேல் படிந்து அடைக்காமலும், வெள்ளி அயனி சீராகக் கசியும்படியும் செய்தார்கள். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 2.5 டாலர் செலவில் கிருமியற்ற தண்ணீர் என்று கணக்குச் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருஷம் அதே குழு சர்க்கரைப் பாகை ஆற்றுமணலில் பூசிச் சூடேற்றி, மணல்மேல் கிராஃபீனை உருவாக்கி, தண்ணீரிலிருந்து சாயத்தையும் பூச்சிமருந்தையும் பிரித்துக் காட்டியது. சாதாரணச் சர்க்கரையிலிருந்தே கிராஃபீன் செய்து, தனிப் பசை இல்லாமல் மணலில் நிறுத்த முடியும் என்பதே அங்கே செய்தி. அதற்கும் முன்பு, 2009 டிசம்பரில், டாடா நிறுவனம் உமிச்சாம்பலில் நானோ வெள்ளியைப் பதித்த ஸ்வச் வடிகட்டியை ஆயிரம் ரூபாய்க்குள் சந்தைக்குக் கொண்டுவந்தது. உமிச்சாம்பலில் மணல்சத்தோடு கரியும் இருக்கும். குறிப்பிட்ட அளவு தண்ணீர் போனதும் தானே நின்றுவிடும் ஏற்பாடு அதில் இருந்தது. ‘எனக்கு ஆயுள் முடிந்தது’ என்று பொருளே சொல்லிவிடும். இந்தக் கடைக்கு வரும் மெஷின்களில் பலவற்றுக்கு அந்த வாய் இல்லை. வெள்ளி தீர்ந்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், முன்போலவே தெளிவாக.

தீர்ந்த வெள்ளியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1975இல் பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில், வெள்ளி நைட்ரேட் பூசியும் அடங்காத சால்மோனெல்லாவைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளியை வெளியே தள்ளிவிடும் மரபணுக்கள் அதனிடம் இருந்தன. கொல்லப் போதாத அளவு வெள்ளியோடு நெடுநாள் பழகும் பாக்டீரியாவுக்கு அதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. மாற்றாமல் விட்ட குழல் ஒவ்வொன்றும் அப்படியொரு அவகாசம்.

கடைக்காரருக்கு இவ்வளவும் தெரியுமா? தெரிந்திருக்க வேண்டியதில்லை. வழவழப்பு எந்தத் தெருவில் எத்தனை மாதத்தில் வருகிறதென்று அவருக்குத் தெரியும். மாமியின் மெஷினில் புதுக் குழலை மாட்டி, மார்க்கர் பேனாவால் அதன்மேல் தேதியை எழுதினார்.

“மாமி, ஊருக்குப் போயிட்டு வந்தீங்கன்னா முதல்ல ரெண்டு சொம்புத் தண்ணியைக் கீழ விட்டுடுங்க. தெனம் காலைல முதல் டம்ளரும் வேண்டாம். செடிக்கு ஊத்துங்க.”

“வெள்ளிதான் புதுசாப் போட்டிருக்கியே.”

“ராத்திரி பூரா நின்ன தண்ணி மாமி. வெள்ளி இருந்தாலும் விட்டுடுங்க.”

பேரத்தில் மாமி ஜெயித்திருந்தார். அதனால் இதற்கு மறுப்புச் சொல்லாமல் ஆட்டோவுக்குக் கிளம்பினார். போகும்போது தினத்தாளில் கிடந்த கறுப்புக் குவியலைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

பையன் அந்தத் தாளைச் சுருட்டி மூலையிலிருந்த சாக்கில் போடப் போனான். சாக்கு நிறைந்திருந்தது, ஒரு மாதத்துப் பழைய குழல்கள்.

“இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க ண்ணா?” என்றாள் அந்தப் பெண்.

“என்ன பண்றது. குப்பை வண்டிலதான்.”

“எனக்குக் குடுப்பீங்களா?”

அவர் கண்ணாடி மறுபடி மூக்குக்கு வந்தது. “பழசை வெச்சு என்ன மா பண்ணப்போற?”

“அமிலத்துல கரைச்சா இதுல எவ்வளவு வெள்ளி மிச்சம் இருக்குன்னு அளந்துடலாம். புதுசுல எவ்வளவு இருந்ததுன்னும் பாக்கலாம். எந்தத் தண்ணில எத்தனை மாசத்துல தீந்துதுன்னு...” நிறுத்தினாள். நோட்டைப் பார்த்தாள். “நீங்க தேதியெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நோட்டை இழுத்துக் கடைசிச் சில பக்கங்களைப் புரட்டினார். பன்னிரண்டு வருஷத்துக் கட்டங்கள் அதில் இருக்கலாம், பதினைந்தும் இருக்கலாம்.

“அந்தப் பைக் பையன் கொண்டுவந்தானே, பாதி வெலைல. அதுல வெள்ளி இருக்கா இல்லையான்னும் சொல்லிடுவியா?”

“சொல்லிடலாம் ண்ணா.”

“எழுதிக் குடுப்பியா? தமிழ்ல?”

“குடுக்கறேன்.”

“அப்ப எடுத்துக்கோ. காசு வேண்டாம்.” பையன் பக்கம் திரும்பினார். “டேய், சாக்கைக் கொட்டு. ஒவ்வொண்ணுலயும் தெருப் பேர் எழுது. போர் தண்ணி தனிப் பையில, கார்ப்பரேஷன் விடற பாலாத்துத் தண்ணி தனிப் பையில. மாசம் தெரியலன்னா என்னைக் கேளு. நீயாப் போடாத.”